என் மகளின் தூக்கமும் நான் எடுத்த காவடியும்

பிள்ளை வளர்ப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் என் மகளுக்கு ஒரு கடைவாய்ப்பல் போனது.

அப்போது இரண்டாம் உலக யுத்த காலம். பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி. அந்தச் சத்தத்தில் நாலு வயது வள்ளி தூங்கவே மாட்டாள். நான் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். படுக்கும்போது கன்னத்தில் ஒரு வெல்லக்கட்டியை அடக்கிவிடுவேன். ஐந்தே நிமிடத்தில் தூக்கம்! (தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.)

சில மாதங்களில் தூக்கம் போய் அழுகை வந்தது.

"வாய்ல யாரோ குத்தறாங்க நைனா."

'யாரோ' என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. பேய்! (பல் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை.) பயந்த பிள்ளையைத் தேற்ற இன்னொரு வெல்லக்கட்டி கொடுத்தேன்.

கடைசியில் திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளைக்கு மொட்டை, எனக்குக் காவடி. ஆடிக் கிருத்திகைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனோம்.

மலையடிவாரத்தில் மொட்டை போட உட்கார வைத்ததும் வள்ளி அலறினாள். நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாய்க்குள் எட்டிப்பார்த்தார்.

"பல்லு சொத்தையாயி சீழ் வெச்சிகினு கீது. கொழந்த எப்பிடிம்மா தூங்கும்? படுக்கறப்ப இனிப்பு எதுனா குடுத்தீங்களா?"

"ஆங், வெல்லம்," என்றாள் என் மனைவி.

"எந்தப் புண்ணியவான் வேல அது?"

நான் கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோலத் திரும்பினேன்.

"அதோ, காவடி தூக்கிகினு நிக்கிறாரே, அவுருதாங்க!" என்று கைகாட்டினாள் என் மனைவி.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காவடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாவிதர் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தார். வள்ளியிடம் மயிலைப் பற்றிக் கதை சொல்லியபடியே, ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல்லை எடுத்துவிட்டார். நான் நெகிழ்ந்துபோய் அவர் காலில் விழக் குனிந்தேன். காவடி அவர் தலையில் இடித்தது.

"மொதல்ல மலையேறிட்டு வாங்க சாமி," என்றார் தலையைத் தடவிக்கொண்டே. "இனிமே வாய் கொப்புளிக்க வெச்சிட்டுத் தூங்க வையுங்க."

அவர் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றும் கிருத்திகை அன்று முருகனுக்கும் முன்னால் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது வண்டியில் தூங்கிய வள்ளி, மறுநாள் உச்சிப்பொழுதாகியும் எழவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தே நாலு தடவை அவளை எழுப்பிவிட்டேன்.

இப்போது அவளும் பிள்ளை குட்டிக்காரி. இங்கே வந்து தங்கும் நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால், என் காலடிச் சத்தம் கேட்டதுமே கண்ணைத் திறக்காமல் குரல் கொடுப்பாள்:

"உயிரோடதான் கீறேன் நைனா. நீ போயி வேலயப் பாரு."