சனியின் வளையம் காணாமற்போன விவகாரம்

“ரெண்டு வருசமா தே ஆத்துறேன், கறிப்பாப் பொரிக்கிறேன், நாற்காலி தொடைக்கிறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என் கண்ண அந்தக் குழாயில வெக்க விட்டீங்களா?”

உஷாராணி இப்படிக் கேட்டது கிள்ளான் வட்டார விண்மீன் நோக்கர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், ‘இதர விவகாரங்கள்’ என்ற தலைப்பின் கீழ். ஆகவே அது கூட்டக் குறிப்பில் ஏறியாக வேண்டும். ஏற்றியவர் செயலாளர் சுகுமாறன். அவளுடைய சொந்தக் கணவர். இருபத்தெட்டு வருடமாக அவள் பேச்சைக் கேட்டுப் பழகியவர் என்பதால் சுருக்கமாகவே எழுதினார்: “தேநீர் ஏற்பாடு திருப்திகரமாக நடைபெறுவதாகத் திருமதி உஷாராணி அவர்கள் தெரிவித்தார். சபை மகிழ்ச்சியுடன் குறித்துக்கொண்டது.”

சங்கத்திடம் ஆளுயரத்துக்கு ஒரு டெலஸ்கோப் இருந்தது. கூடவே நான்கு ஐபீஸ். அதாவது டெலஸ்கோப்பில் செருகிக் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன உருளைகள்: இருபத்தைந்து மில்லிமீட்டர், பதினைந்து, பத்து, ஆறு. நான்கில் எது நல்லது? சாதாரண மனிதர்கள் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள். சங்கத்தில் சாதாரண மனிதர்கள் யாரும் கிடையாது. தலைவர் சண்முகரத்தினம் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வுபெற்றவர். அவர் தீர்ப்பளித்தார்: முறையான ஒப்பீடு முடிந்து சிறந்த ஐபீஸ் தேர்வாகும் வரை, ஒப்பீட்டுக் குழுவில் இல்லாத எவரும் பார்க்கலாகாது. தரங்குறைந்த ஐபீஸ் வழியாகப் பார்த்தால், கிரகத்தைப் பற்றியே தாழ்வான அபிப்பிராயம் ஏற்பட்டுவிடக்கூடும்.

உஷாராணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சனியின் வளையம். ஆறாம் வகுப்பில், கான்வென்ட்டில், சிஸ்டர் கரும்பலகையில் ஒரு பந்தை வரைந்து அதற்குத் தொப்பி விளிம்பு போட்டார். “நெஜமாவே இப்படியா இருக்கும் சிஸ்டர்?” என்று கேட்டதற்கு, “நீயே ஒரு நாள் பார்த்துட்டு வந்து சொல்லு” என்றார். சிஸ்டர் காலமாகிவிட்டார். அவள் இன்னும் பார்க்கவில்லை.

முதல் ஒப்பீட்டிலேயே ஒரு கொள்கைச் சிக்கல் எழுந்தது. “ஆறு மில்லிலதான் கிரகம் ஆகப் பெருசா தெரியும். அதுல ஆரம்பிப்போம்” என்றார் சுகுமாறன்.

தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். “என்ன தம்பி கதைக்கிறீர்? கிரேட் ஆறு எப்பிடி கிரேட் இருபத்தஞ்சுக்கு முன்னுக்குப் போறது? பதவி வரிசை எண்டு ஒண்டு இருக்குதல்லோ?”

பதவி வரிசைப்படி இருபத்தைந்து முதலில் செருகப்பட்டது. நான்கு ஐபீஸ்களும் தலைவர் வீட்டுப் படுக்கையறை இரும்பு அலமாரியில், பதினெட்டு டிகிரி ஏர்கோன் குளிரில், பாதுகாப்பாக வாழ்ந்துவந்தவை. கிள்ளானின் சாயங்காலக் காற்று பட்டதும் நான்குக்கும் வேர்த்துவிட்டது. தலைவர் குனிந்து நெடுநேரம் நோக்கிவிட்டு, எழுதச் சொன்னார்: “சனிக் கிரகத்தில் அடர்ந்த பனிமூட்டம் காணப்பட்டது.”

“அங்கிள், பனி கிரகத்துல இல்ல, கண்ணாடியில. பேங்க் ஏர்கோன்ல இருந்து வெளிய வந்தா என் மூக்குக்கண்ணாடியும் இப்படித்தான் மூடிக்கும். முன்னாடியே எடுத்து வெளிய வெச்சிருந்தா சரியா இருந்திருக்கும்” என்றாள் உஷாராணி.

“நீங்கள் ஒப்பீட்டுக் குழுவில இருக்கிறீங்களோ?”

“இல்ல. அடுப்படியில.”

“அப்ப தே வரட்டும்.”

தே வந்தது. பனி போவதற்குள் மேகமும் வந்தது. அந்த ஆண்டில் பதினான்கு முறை ஒப்பீடு நடந்தது. பத்துமுறை மழை, நான்குமுறை பனிமூட்டம். படிவம் மட்டும் நன்றாக வளர்ந்தது. வலது கண்ணுக்கு ஒரு தாள், இடது கண்ணுக்கு ஒரு தாள். தலைவருக்குக் கண்புரை அறுவை நடந்ததால், அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரண்டு பச்சைத் தாள். வளையம் பற்றிய கட்டத்தில் மூன்றே விடைகள்: ‘மிகத் தெளிவு’, ‘தெளிவு’, ‘ஓரளவு தெளிவு’.

அப்போதுதான் உஷாராணி கைப்பேசியில் ஒரு செய்தி படித்தாள். படித்த கையோடு தோசைக்கல்லிலிருந்து ஒரு தோசையை எடுத்துக் கணவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இப்ப என்ன தெரியுது?”

“தோசை.”

“இப்படித் திருப்பினா?”

“ஓரம் தெரியுது. கோடு மாதிரி.”

“சனியோட வளையமும் இந்த வருசம் இப்படித் திரும்புதாம். வருசக் கடைசியில பாத்தா இருக்கிறதே தெரியாதாம். அதுக்குள்ள காட்டுங்க, சொல்லிட்டேன்.”

“முக்கியமான விசயம்லா இது. எழுத்துல குடு” என்று சொல்லி, சுகுமாறன் ஆதாரத்தைச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

எழுத்தில் கொடுத்தாள், கான்வென்ட் கையெழுத்தில், இரண்டு பக்கம். மூன்று வாரம் கழித்து, அதே வீட்டு முகவரிக்கு, அதே வீட்டுக்காரரின் கையொப்பத்துடன் தபாலில் பதில் வந்தது. “வளையம் எங்கும் போய்விடாது எனத் தலைவர் அவர்கள் உறுதியளிக்கிறார்.”

வருடக் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒப்பீட்டின் நிறைவு விழா ஏற்பாடாயிற்று. தலைமை, ‘டத்தோ’ பட்டம் வாங்கிய பிரமுகர் கமலநாதன். வானம் அதிசயமாகத் தெளிந்திருந்தது. சனி மண்டபத்துக் கூரைக்கு மேலே காத்திருக்க, ஆறு பேர் பேசினார்கள். பிறகு டத்தோ டெலஸ்கோப்பருகே அழைக்கப்பட்டார். அவர் நின்றுவிட்டார்.

“சனியா? செக்ரட்டரி, எனக்கு ஏழரை ஓடுதுலா. கோயில்லயே நேரா நிக்க மாட்டேன்.”

“நேரா இல்ல டத்தோ. இந்த மாடல்ல ஐபீஸ் பக்கவாட்டுல இருக்கு. நீங்க சுவரப் பாத்து நிக்கலாம். தோசமே கெடையாது.”

டத்தோ சுவரைப் பார்த்து நின்று, குனிந்தார். தே தட்டோடு அவர் முழங்கையருகே நின்ற உஷாராணிக்கு நன்றாகத் தெரிந்தது: இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. நிமிர்ந்து, “பிரமாதம்! வளையம் பளபளன்னு இருக்கு!” என்றார்.

அடுத்து ஒப்பீட்டுக் குழுவினர் பதினொரு பேர் வரிசையாகப் பார்த்தார்கள். பதினொரு பேரும் ‘மிகத் தெளிவு’ என்று குறித்துக் கையொப்பமிட்டார்கள். டத்தோ சொன்ன பிறகு வெறும் ‘தெளிவு’ என்று எழுத யாருக்கு மனம் வரும்?

“டத்தோ, இதக் கொஞ்சம் பிடிங்க” என்று தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, உஷாராணி குனிந்தாள்.

ஒரு பட்டாணி. மஞ்சளாக, மொழுமொழுவென்று, ஒரே ஒரு பட்டாணி.

“வளையத்தக் காணோம்!”

தலைவர் வந்து குனிந்தார். வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார். பட்டாணிதான். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

“பன்னிரண்டு பேர் பார்க்கேக்க இருந்தது. எழுத்தில இருக்கு. பதின்மூண்டாம் ஆள் பார்க்கேக்க இல்லை. அப்ப, இடையில என்ன நடந்தது?”

விளக்கம் கேட்கும் கடிதத்தைச் சுகுமாறன் சாப்பாட்டு மேசையில் வைத்தே தட்டச்சு செய்தார். “உன் ஐசி கார்டு நம்பர் என்ன? மனசுல வெச்சுக்காத உஷா, இது ஆபீஸ் வேல” என்றார். சனிக் கிரகத்தின் வளையம் தங்கள் பார்வையில் இருந்தபோது காணாமற்போனது குறித்துப் பதினான்கு நாட்களுக்குள் விளக்கமளிக்கத் தவறினால், என்று போயிற்று கடிதம்.

விசாரணையில் தலைவர் கேட்டார்: “நீங்கள் பார்க்க முன்னம் வளையம் இருந்ததோ?”

“எனக்கெப்படி அங்கிள் தெரியும்? பாக்க விட்டாத்தானே?”

“அப்ப, இருக்கேல்லை எண்டு உங்களால சொல்ல ஏலாது.”

“டத்தோ கண்ண மூடிக்கிட்டுப் பாத்தாரு!”

செயலாளரின் பேனா நின்றது. “அத மினிட்ஸ்ல ஏத்த முடியாது உஷா.”

முடிவு வந்தது. தொலைத்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற அடிப்படையில், வளையம் திரும்பக் கிடைக்கும் வரை உஷாராணி ‘வளையப் பொறுப்பாளர்’ ஆக நியமிக்கப்படுகிறார். ஐபீஸ் பெட்டியின் சாவி இனி அவரிடம். கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். அதை அங்கேயே குப்பையில் போடத்தான் அவள் நினைத்தாள். ஆனால் பெயரைப் பெரிய எழுத்தில், பிழையில்லாமல் அடித்திருந்தார்கள். கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறு ஆண்டு, தோசை தானாகத் திரும்பியது. ‘சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் வளையம் மீட்கப்பட்டது’ என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவர் வளையப் பொறுப்பாளர்.

அன்று சாயங்காலம் கிள்ளான் திடலில், அட்டை கழுத்தில் ஆட, உஷாராணி ஐபீஸ் பெட்டியை அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தாள். பனி இல்லை. மேகம் இல்லை. பதினைந்தைச் செருகிக் குனிந்தாள்.

இருந்தது. சிஸ்டர் சாக்பீஸில் போட்ட அதே தொப்பி விளிம்பு, மெலிசாக, அசையாமல். ‘நெஜந்தான் சிஸ்டர்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அப்புறம் பத்தைப் போட்டாள். பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் கொஞ்சம் மங்கல். ஆறில் ஒரே நடுக்கம். திரும்பப் பதினைந்து. இப்போது இடது கண். “என்னங்க, அந்தப் படிவத்தக் கொண்டாங்க” என்றாள். “கண்ணாடி போட்டு, போடாம, ரெண்டு கட்டம் புதுசா சேக்கணும். இது இல்லாம எப்படி ஒப்பீடு செஞ்சீங்க இவ்வளவு நாளா?” தலைவர் தலையசைத்து ஆமோதித்தார். செயலாளர் கோடு போட்டார்.

செமினியிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மலர்தான் இப்போது சங்கத்துக்குத் தே ஆற்றுகிறாள். தட்டோடு பின்னால் வந்து நின்றாள். தே ஆறி ஆடை கட்டியது. கூரைகளுக்கு மேல் மேகம் தலைகாட்டியது.

“உஷாக்கா, ஒரு தடவ... ஒரே ஒரு தடவ நானும் பாத்துக்கிறேனே?”

உஷாராணி பேனா மூடியைப் பல்லால் கழற்றி, அடுத்த கட்டத்தை நிரப்பினாள்.