ஒருநாள் நொட்டை சொல்லாதவர்

சட்டை கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர் அவர். தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் சம்பளம். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. ஆடுகிற நாற்காலிக் காலில் ஒரு அம்பு, நசுங்கின மூடியில் ஒரு அம்பு. ஒருமுறை மனைவி ஆசையாக வாங்கின புதுச்சேலையிலும் ஒட்டிவிட்டார். அன்றைக்கு அவள் வைத்த பெயர்தான் நொட்டைவாய். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

மச்சினன் விஷயத்தில் மட்டும் அந்த வாய் கைகொடுத்தது. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டதால் அக்கா வீட்டு முன்னறைக்கு வரத் துடித்துக்கொண்டிருந்தான் அவன். குறட்டை விடுவான், குளிக்கப் போனால் வெளியே வரமாட்டான், பாடுவான், அதையும் தப்பாகப் பாடுவான் என்று அடுக்கியே தடுத்து வைத்திருந்தார். முன்னறை போனால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சே.

ஆனால் கம்பெனி வாட்ச்மேனே “நொட்டைவாய் சார்” என்று வணக்கம் வைத்ததும் மனசு பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நியாயம் கேட்டார். இல்லாத குறையைச் சொல்பவன்தான் நொட்டைவாய், தான் சொல்வதெல்லாம் இருக்கிற குறைதானே என்றார்.

“குறை எல்லார் கண்ணுலயும்தாங்க படுது. பக்கத்துலயே இருக்கிற நல்லது உங்க கண்ணுல மட்டும் பட மாட்டேங்குது. அதுக்குப் பேருதான் நொட்டை,” என்றாள்.

ஒரு ஞாயிறு முழுக்கக் குறையே சொல்லாமல் இருந்து காட்டுகிறேன், ஜெயித்தால் அந்தப் பேரை நீயே அழிக்கணும் என்று சவால் விட்டார். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை காபி ஆறிப்போய் வந்தது. நாக்கு சுடாமல் குடிக்க வசதி என்றார். மதியச் சாப்பாட்டில் உப்பே இல்லை. உடம்புக்கு நல்லது என்றார். சொல்லச் சொல்லத் தன்மேலேயே அவருக்கு மரியாதை கூடிக்கொண்டு போனது.

சாயங்காலம் வாசலில் வண்டி நின்றது. மச்சினன் பாய், தலையணை, பெட்டியோடு இறங்கினான்.

“மாமா, நான் இங்க வந்து இருக்கிறதுல உங்களுக்கு ஏதாச்சும் குறை இருக்குங்களா?”

அவர் வாயைத் திறந்தார். கதவோரம் நின்று மனைவி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரி வேறு.

“ஒரு குறையும் இல்லப்பா.”

பெட்டி முன்னறைக்குப் போனது.

இருட்டியதும் அவள் வாக்குத் தவறவில்லை. தன் வீட்டுக்காரரை இனிமேல் யாரும் நொட்டைவாய் என்று சொல்லக்கூடாது என்று எதிர்வீட்டுக்காரியிடம் சத்தமாகவே அறிவித்தாள். அவர் மெல்லப் பக்கத்தில் போய், சவால்தான் முடிந்துவிட்டதே, இனி வாயைத் திறக்கலாமா என்று கேட்டார்.

“தாராளமா. எவ்வளவு வேணா சொல்லுங்க. கேக்கத்தான் இன்னொரு ஆளும் வந்தாச்சே.”