தகவல் பெரியம்மாவுக்கு மட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. நீ டை கட்டிச் சிரிக்கும் படம் தினமும் காபிக்கு முன்பே என் போனில் வந்து விழுந்துவிடுகிறது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உனக்கு வெளி மருத்துவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் வேலை கிடைத்தது என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் நம் கிளினிக்கிலிருந்து அனுப்புகிற குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று உடனுக்குடன் தெரியும் என்று கம்பவுண்டரிடம் பீற்றிக்கொண்டேன். நீயும் குறை வைக்கவில்லை. வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்தது தெரியும், லிஃப்ட் மாற்றியது தெரியும், உங்கள் இயக்குநருக்கு யாரோ சால்வை போர்த்தியது மூன்று கோணத்தில் தெரியும். அதுவும் "மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயா" என்று என்னை அழைத்து. நான் உனக்கு எப்போதடா ஐயா ஆனேன்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்குக்குப் பின்சந்தில் இருக்கிற தையல்காரியின் மகன், நான் உருண்டை என்று கூப்பிடுகிறவன், இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை, முந்தாநாள் காலையில் காலை மடக்கி மடக்கி அழுதான், கொஞ்சம் ஓய்ந்தான், மறுபடி அழுதான். வயிற்றில் கை வைத்ததுமே எனக்குத் திக்கென்றது. குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கிறது, தாமதித்தால் பிள்ளை பிழைக்காது என்று நானே ஆட்டோ பிடித்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினேன். அதோடு சரி. ஒரு தகவல் இல்லை. தாயின் போன் அணைந்தே கிடக்கிறது. உங்கள் நம்பரைக் கூப்பிட்டால் பாட்டுப் பாடுகிறது. உன்னைக் கூப்பிட்டால், "அத்தை, மீட்டிங்ல இருக்கேன், வெளி டாக்டர்களோட உறவை எப்படி வளர்க்கறதுன்னு பேசிட்டிருக்கோம்" என்று வைத்துவிட்டாய். அன்று என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

நேற்று நானே கிளம்பி வந்தேன். வாசலில் காவலாளி மறித்தார்.

"யாரும்மா நீங்க?"

"டாக்டர்."

"டாக்டருங்க பின்வாசல் வழியா வரணும். அட்டை இருக்கா?"

"வெளி டாக்டர்ப்பா. நான் அனுப்பின குழந்தை உள்ள இருக்கான்."

"சொந்தக்காரங்களைத்தான் விடுவோம். நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று நான் யோசிக்கும் முன்பே என் வாய் "பெரியம்மா" என்றுவிட்டது. உடனே கதவு திறந்தது.

தாய் பிள்ளையோடு ஸ்கேன் அறைக்குள் இருந்தாள். வெளியே வந்த டாக்டர் தம்பிக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. "பெரியம்மாவா? உக்காருங்க" என்று ஆரம்பித்தவர், "குழந்தை அழுதா உடனே பசின்னு நினைச்சுடக் கூடாது. காலை மடக்கி அழுதா வயித்துல கோளாறுன்னு அர்த்தம்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். இவர் காலை மடக்கி அழுத காலத்திலிருந்து நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். பொறுக்கமாட்டாமல், "சிறுகுடல் பெருங்குடல்ல சேருற இடத்துலதானே சொருகியிருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்டர்நெட்ல நிறைய படிக்கிறீங்க போல. அதெல்லாம் நம்பாதீங்க பெரியம்மா. காத்தைச் செலுத்தி ஒரு தடவை சரி பண்ணிட்டோம். மறுபடி சொருகுதான்னு பாக்கறோம். சொருகினா வயித்தை வெட்டித்தான் ஆகணும். உங்க நம்பரைக் கொடுங்க, நானே சொல்றேன்."

"அனுப்பின டாக்டருக்குச் சொன்னீங்களா?"

"அதுக்குத் தனியா ஒருத்தர் இருக்காரு. அவர் பாத்துப்பாரு."

அந்த ஒருத்தர் நீதான்டா மருமகனே. அதற்குள் பார்வை நேரம் முடிந்தது என்று என்னை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், உன் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடு. இனி ஒரு பிள்ளையையும் அங்கே அனுப்ப மாட்டேன். இந்தக் கடிதத்தின் நகல் உங்கள் இயக்குநருக்கும் போகிறது. உன் மகள் பிறந்தநாளுக்கும் என்னை எதிர்பார்க்காதே. நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அண்ணனை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத அத்தை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது போன் வந்தது. அந்தத் தம்பிதான். "பெரியம்மா, பையன் நல்லா இருக்கான். மறுபடி சொருகல, வெட்ட வேண்டியதில்ல. பால் குடிச்சிட்டுத் தூங்கறான்" என்றார். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். உன் மாமா பயந்தே போனார். பிறகு தம்பி சொன்னார்: "ஒரு உதவி பெரியம்மா. அவனை அனுப்பின டாக்டர் ரொம்பக் கெட்டிக்காரங்க. அவங்களாலதான் பிழைச்சான். ஆனா எங்க ஆளுக்கு அவங்களைப் பிடிக்கவே முடியலயாம். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, போய்ச் சொல்லிடறீங்களா?" சொல்லிவிடுகிறேன் என்றேன். மேலே எழுதியது எதுவும் செல்லாது. இயக்குநருக்கு நகல் போகவில்லை. பிறந்தநாளுக்கு வருகிறேன். நீ பாட்டுக்கு மீன்தொட்டிப் படம் அனுப்பிக்கொண்டிரு. நாளைக்குத் தபால்காரர் மகளை மூச்சிரைப்புக்காக அங்கே அனுப்புகிறேன். காவலாளியிடம் சொல்லி வை, அவளுக்கு நான் சித்தி.