ஓவியத்துக்கு ஐந்து குறிப்பு

மனிதரில் ஓர் இனம் உண்டு. கண் நன்றாகத் தெரியும், கண்ணாடிகூடப் போடமாட்டார்கள். ஆனால் எதையும் பார்க்க மாட்டார்கள். பார்க்காமலே ரசிப்பார்கள். ரசிப்பதோடு விட்டால் தேவலை, மார்க்கும் போடுவார்கள்.

எங்கே அகப்படுவார்கள் என்கிறீர்களா? இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கலை வரலாறு எடுத்தாரே, பிராங்க்ளின் சார், அவரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ பெரிய பள்ளி நோட்டீஸில் அந்தப் பாடத்தின் பெயரைப் பார்த்துவிட்டு அதைத் தம் பள்ளிக்கும் பிடித்து வந்தவர் தாளாளர் வேலுச்சாமி. சார் வேலைக்கு வந்த அன்றே கெடுவும் வைத்துவிட்டார்.

"காலாண்டுல அம்புட்டுப் புள்ளையும் நூத்துக்கு நூறு வாங்கணும் சார். கணக்குலயே வாங்குதுக, படம் பாக்குற பாடத்துல வாங்காதாக்கும்? ஒண்ணு குறைஞ்சாலும் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துருவேன். நீங்க வேற எடம் பாத்துக்கோங்க."

பாவம், பிராங்க்ளின் சார் என்ன செய்வார்? ஐந்து குறிப்பு தயாரித்தார். கோடுகளில் நளினம், வண்ணங்களில் இணக்கம், முகங்களில் சாந்தம், அக்கால மக்களின் வாழ்வு, வருங்காலத் தலைமுறைக்கு வழிகாட்டி. அஜந்தாவா? இந்த ஐந்து. தஞ்சாவூர்ச் சுவரா? அதே ஐந்து. சிற்பம் என்றால் வண்ணத்தைத் தூக்கிவிட்டு உளியைப் போட்டுக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். பிள்ளைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒப்பிக்கும். சாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

காலாண்டு வந்தது. தீபாவளி சீசன். பட்டாசு லேபிள் ஆர்டருக்கு நடுவே சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கேள்வித்தாளையும் சொருகி அடித்ததில், 'சித்தன்னவாசல் தாமரைத் தடாக ஓவியத்தின் சிறப்பை விளக்குக' என்ற கேள்விக்கு மேலே கம்பி மத்தாப்புப் பெட்டியின் படம் ஏறி உட்கார்ந்துவிட்டது. பாவாடை கட்டிய பாப்பா, கையில் பொறி பறக்கும் மத்தாப்பு, காலடியில் மிரண்டுபோன நாய்க்குட்டி.

யாராவது கவனித்தார்களா? துறவிகள் தாமரை பறிக்கும் சாந்தத்தைப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. சாரும் சரி சரி என்று டிக் அடித்துக்கொண்டே போனார். வேல்விழி தாளில்தான் பேனா நின்றது.

'இதில் குளமும் இல்லை, தாமரையும் இல்லை. இது மத்தாப்பு லேபிள். நாய்க்குட்டி பயப்படுவதை நன்றாக வரைந்திருக்கிறார்கள். பாப்பாவின் விரல் நெருப்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது.'

முட்டை போட்டார். போட்ட பிறகுதான் தாளாளர் ஞாபகம் வந்தது. வேல்விழியை ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அஞ்சு குறிப்பும் தெரியும்ல? பெறகு ஏன் எழுதல?"

"படத்தப் பாத்தேன் சார். சாமியாரு ஒருத்தரும் இல்ல."

"படத்தப் பாருன்னு கேள்வியில போட்டிருக்கா?"

"இல்ல சார்."

அப்போதுதான் சார் குனிந்து பார்த்தார். நாய்க்குட்டி அவரைப் பார்த்தது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் முழு மார்க் போட்டாகிவிட்டது. உள்ளதைச் சொன்னால் மொத்த வகுப்பும் தப்பு, பாடம் போச்சு, வேலையும் போச்சு. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இங்கனயே உக்காந்து அஞ்சையும் எழுதிரு. இனிமே பரீட்சையில படத்தப் பாக்காத."

எழுதினாள். எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. தாளாளர் சாருக்குச் சால்வை போர்த்தினார். அந்தப் படத்தையே பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அடியில் 'சித்தன்னவாசல்' என்று எழுதிப் பள்ளி வாசலில் மாட்டினார். பெற்றோர் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் கலை வரலாற்றில் முதல் பரிசு யாருக்கு என்கிறீர்கள்? வேல்விழிக்குத்தான். அவளும் அதற்குள் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குப் போகப் பழகியிருந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் சிவகாசியில் அச்சடித்த காலண்டர் தொங்குமே, தினமும் காலையில் தாள் கிழிக்கிறீர்களே, அதில் என்ன படம்? ஊஹூம், திரும்பாமல் சொல்லுங்கள்.