அப்பாருவின் மூன்றாவது பொத்தான்

எனக்கு வாய் நீளம். பொறுமை கிடையாது. எந்த விஷயம் தெரியாதோ அதில்தான் குரல் அதிகம் உயரும். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு சம்பந்தங்கள் இந்த வாயால் போயின. நான்காவது பெண்ணின் சித்தப்பா வந்து இறங்கிய காரைப் பார்த்து, "டயர் மாத்திப் பத்து வருசம் இருக்குமுங்களா?" என்று கேட்டேன். (இருக்கும். அதற்காகக் கேட்கலாமா? எனக்கு நாமக்கல்லில் டயர் ரீட்ரேடிங் பட்டறை. கண் அங்கேதான் போகும்.)

ஐந்தாவதாக வந்தது சுகந்தியின் ஜாதகம். ராசிபுரம் பக்கம். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன், பிடித்துவிட்டது. போனில் பேசினோம், இன்னும் பிடித்துவிட்டது. என்னை நடுவில் நிறுத்தி, "கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவளே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். அவள் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு மிலிட்டரி என்றால் உயிர், மற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகள்.

"எங்க ஊடும் மிலிட்டரி ஊடுதான்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

முழுப்பொய் இல்லை. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ராணுவக் கோட்டும் தொப்பியும் போட்டு நிற்கிற படம் ஒன்று வீட்டில் இருந்தது. இடுப்புவரைக்கும்தான் படம். கருத்த சட்டம், கரையான் அரித்த ஓரம். அதைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, பட்டறையில் டயர் விரிசல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஆராய்ச்சியில் இறங்கினேன். கையில் மூன்று பட்டை. போனில் தேடினேன், அவில்தார். தோளில் மூன்று நட்சத்திரம். தேடினேன், கேப்டன். சரி, அவில்தாராகச் சேர்ந்து கேப்டன் ஆகியிருக்கிறார், பழைய பட்டையைப் பிரிக்க நேரம் கிடைக்கவில்லை, சண்டை நடந்துகொண்டிருந்தது. இப்படி நானே முடிவு கட்டினேன்.

பழைய ராணுவ உடைகளை அடையாளம் சொல்கிற குழு ஒன்று இணையத்தில் இருந்தது. அதில் படத்தைப் போட்டேன். ஒருவர் மரியாதையாக, இந்தப் பட்டையும் அந்த நட்சத்திரமும் ஒரே ஆளுக்கு வராது என்று எழுதினார். எங்கள் அப்பாரு இரண்டு வேலையும் பார்த்தவர், உங்கள் வீட்டில் யாரும் ஒரு வேலையும் பார்த்ததில்லை போல என்று பதில் எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்பா ஒருமுறைதான் தடுத்தார். "டேய், எங்கப்பன் ராசிபுரம் சந்தையத் தாண்டுனதில்லடா. கேப்டன்ங்கற. எருமை மேச்சவருடா அவரு."

பெற்ற தகப்பனின் வீரத்தையே மறைக்கிறீர்களே, நீங்கள் எல்லாம் ஒரு மகனா என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா துண்டை உதறிக்கொண்டு கோழிகளுக்குத் தீவனம் வைக்கப் போனார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். கிணறு, பண்ணை, மாட்டுக்கொட்டாய், மனிதர்களின் முகம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். சுகந்தியின் அப்பா, அம்மா, இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். சுபேதார் முதுகை வளைக்காமல் காரிலிருந்து இறங்கினார். அது எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிணற்றைப் பார்க்கவில்லை, பண்ணையைப் பார்க்கவில்லை. நேராக ஹாலில் புது விளக்குப் போட்டு மாட்டியிருந்த அப்பாரு முன்னால் போய் நின்றார்.

எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டார். பெரிய ரெஜிமெண்ட் என்றேன். எங்கே சண்டை போட்டார் என்று கேட்டார். வடக்கே என்றேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கையில அவில்தாரு, தோள்ல கேப்டன். காலைல எந்திரிச்சா இவரு இவருக்கே சல்யூட் அடிச்சுக்கோணும்."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பழைய படங்களின் பின்னால் பேரும் நம்பரும் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் சொன்னதும், ஸ்க்ரூடிரைவரை எடுத்து நானே சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினேன். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் சட்டம் போட்டவன் இடத்துக்காகப் படத்தின் கீழ்ப்பாதியை மடித்து வைத்திருந்தான். அது மெதுவாக விரிந்தது.

கோட்டுக்குக் கீழே வேட்டி. வேட்டிக்குக் கீழே செருப்பில்லாத கால். இடது கையில் குடை. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி.

எங்கள் அப்பா இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சுபேதார் துண்டைத் தோளில் போட்டார். "பொய் சொல்ற ஊட்டுல பொண்ணு குடுக்கறதில்லீங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அம்மா சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது வெறும் ஐந்தாவது சம்பந்தம் இல்லை, இது சுகந்தி. இனி போனில் யார் என்னை மூச்சு விடச் சொல்வார்கள்? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறை. குரல்கூட எழும்பவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த சுகந்தியின் அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. இந்த மூணாவது பொத்தானப் பாருங்க."

மற்றதெல்லாம் பித்தளைப் பொத்தான். மூன்றாவது மட்டும் சாதாரணச் சட்டைப் பொத்தான், வெள்ளை. யாரோ கறுப்பு நூலில் தைத்தது.

"பார்த்தனே. அதுக்கென்ன?"

"எங்கப்பா படத்துலயும் இதே பொத்தான்தானுங்க. நம்மூட்டு ஹால்ல சந்தன மாலை போட்டு வெச்சிருக்கீங்களே, அதுல. சந்தைக்கு எதுத்தாப்பல ஸ்டுடியோக்காரரு ஒரு கோட்டு வெச்சிருந்தாரு. போட்டோ புடிக்க வர்ற அத்தன பேருக்கும் அதையே மாட்டி உடுவாரு. எங்கப்பாவே சொல்லியிருக்காரு."

முப்பது வருடமாக ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அந்தப் படத்துக்கு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தவர் சுபேதார். தோள் முழுக்கச் சந்தன மாலை மறைத்திருந்ததால் நட்சத்திரம் எதையும் அவர் பார்த்ததில்லை.

"உங்கப்பா வெல்ல மண்டி வெச்சிருந்தாருல்ல?" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க. வெல்ல மண்டிதான்."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. வந்த அன்னிக்கே சல்யூட் அடிச்சீங்க. மாமனாருக்கு மரியாத பண்றவர எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

பொய் சொல்கிற வீட்டில் பெண் எடுத்தவர், பொய் சொல்கிற வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? உட்கார்ந்தார். அம்மா காபியை நீட்டினாள். குடித்தார். கிணறு எத்தனை அடி ஆழம் என்று அப்பாவிடம் கேட்டார்.

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. அப்பாருவை மடிப்பு இல்லாமல், வேட்டியும் குடையுமாக, பெரிய சட்டத்தில் மாட்டியிருக்கிறாள் சுகந்தி. நான் தெரியாத விஷயத்தில் குரலை உயர்த்தினால் அவள் பதில் பேசுவதில்லை. தன் நெஞ்சில், சட்டையாக இருந்தால் மூன்றாவது பொத்தான் வரும் இடத்தை ஒரு விரலால் தொடுவாள். அவ்வளவுதான். மாமியாரும் மாமாவிடம் அதையே செய்கிறார். போன பொங்கலுக்கு மாமாவும் நானும் ஒரே நேரத்தில் அரசியல் பேச ஆரம்பித்தோம். தாயும் மகளும் ஒரே நேரத்தில் விரலை வைத்தார்கள்.

இரண்டு பேரும் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். மாமா என் பக்கம் திரும்பி, "நாம ரெண்டு பேரும் ஒரே ரெஜிமெண்ட்டுங்க மாப்ள" என்றார்.