தலையா, மூக்கா, தாடையா?

ஒரே மாதத்தில் ஸ்பானிஷ் பேசிக் காட்டுவதாகச் சபதம் செய்தேன். வீட்டில் எனக்குத் தமிழ் பேசவே வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஓட்டலில் படுக்கை விரிப்புகளைக் கவனிக்கிற மேற்பார்வையாளன் நான். ஸ்பானிஷ் பேசுகிற நாடொன்றில் முதலாளி புதுக் கிளை திறக்கிறார். பரீட்சையில் தேறுகிறவருக்கு அங்கே இரண்டு வருஷம் மேலாளர் பதவி. குடும்பத்தை அழைத்துப் போக முடியாது.

"எல்லாம் உனக்காகத்தான்" என்று மனைவியிடம் தழுதழுத்தேன்.

சொற்கள் மண்டையில் ஏறின. அழுத்தம்தான் ஏறவில்லை. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமாம். சொல் உயிரெழுத்திலோ, 'என்', 'எஸ்' எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசை. மற்றபடி கடைசி அசை. எழுத்தின் தலையில் சின்னக் கோடு இருந்தால் சட்டம் செல்லாது, கோடு போட்ட இடத்தில்தான் அழுத்தம். அந்தக் கோட்டைத் தூசு என்று நினைத்து இரண்டு நாள் திரையைத் துடைத்தேன்.

'பாப்பா' என்று முதலில் அழுத்தினால் உருளைக்கிழங்கு. கடைசியில் அழுத்தினால் அப்பா. நமக்கோ பாப்பா என்றால் குழந்தை. குழந்தையா, அப்பாவா, கிழங்கா? தலை கிறுகிறுத்தது.

"நீங்க உருப்போட்டுப் போட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள் மனைவி.

பளிச்சென்று யோசனை பிறந்தது. பரீட்சை வீட்டுக் கணினியில், வீடியோவில்தானே?

"நீ கணினிக்குப் பின்னால நில்லு. முதல் அசைன்னா தலையைத் தொடு. நடுவுலன்னா மூக்கு. கடைசின்னா தாடை."

"தப்பில்லையாங்க?"

"குடும்பத்துக்காக!"

"அப்ப சரி."

பரீட்சை நடத்திய அம்மாள் திரையில் சிரித்த முகத்தோடு வந்தார். அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மனைவி தலையைத் தொட்டாள். அழுத்தினேன். அம்மாளுக்கு இருமல் வந்தது.

அடுத்து என் வேலை. விரிப்புக்கு 'சாபனா'. மனைவி மூக்கைத் தொட்டாள். நடுவில் ஓங்கி அழுத்தி, தினமும் அவற்றை வெந்நீரில் துவைத்து மடித்து அலமாரியில் அடுக்குவதாக முழங்கினேன். அம்மாள் கண்ணீர் வரச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அதையே இன்னொரு தடவை முழங்கினேன்.

அப்புறம் அவர் பொறுமையாக விளக்கினார். என் உருளைக்கிழங்கு ஒரு தையல்காரர். நான் தினமும் புல்வெளிகளைத் துவைத்து மடிக்கிறேன்.

திரை அணைந்தது. மனைவியை நிமிர்ந்து பார்த்தேன்.

"விரிப்புக்கு எங்கேடி அழுத்தணும்?"

"முதல்லதான். தலையில கோடு இருக்கே."

"தெரிஞ்சுமா மூக்கைத் தொட்ட?"

"அரிச்சுதுங்க."

"அப்பாவுக்குத் தலை?"

"அதுவும் அரிச்சுது." முந்தானையை உதறிச் செருகினாள். "நேத்து ஃபோன்ல உங்க கூட்டாளிகிட்ட, 'ரெண்டு வருஷம்டா, தனியா!'ன்னு குதிச்சீங்களே. ஒரு மாசத்துல அந்த ஒரு வார்த்தையிலதான் அழுத்தம் சரியா விழுந்துச்சு."

எனக்கு வேர்த்தது. "அது... அது வந்து, மல்லி விதை. தனியா. வீட்டுல தீர்ந்துபோச்சேன்னு..."

"அப்படியா?" பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க."

தனியா வாங்கத் தனியாகப் போனேன்.