பத்து மணிக்குப் புகை டெஸ்ட்

நான்தான், நம்ம வீட்டுச் சின்னவன். வயசு இருபத்தாறு. இப்போ ஒர்க்‌ஷாப் பின்பக்கம் ஒரு பழைய டயர் மேல உக்காந்திருக்கேன். கையெல்லாம் கிரீஸ், அதனால போனே எழுதிக்கட்டும்னு வாயாலேயே சொல்லி அனுப்பறேன். எழுத்து தப்பா விழுந்தா திட்டாதீங்க.

கார் மூணாவது தடவையும் பெயில். பயப்படாதீங்க, காரணம் தெரிஞ்சு போச்சு. முழுசா கேளுங்க.

அது ரிட்டயரான ஒரு கணக்கு டீச்சரோட கார். என்னை விட இருபது வயசு மூத்தது. ஸ்டார்ட் பண்ணி சும்மா நிறுத்தி வச்சா குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். புகை டெஸ்டுல பாஸாகலேன்னா ரோட்டுல ஓட்டவே கூடாது. முதலாளி சாவியை என் கையில குடுத்து, "இதை பாஸ் பண்ண வை, வேலை நிரந்தரம்னு லெட்டர் தர்றேன்"னு சொன்னாரு. அந்த லெட்டர் இருந்தாதான் உங்க மருமகளை இங்க கூப்பிட முடியும். கல்யாணமாகி எட்டு மாசத்துல நாங்க ஒண்ணா இருந்தது பதினோரு நாள்.

நடுக்கத்துக்குக் காரணம் அன்னிக்கே சிக்கிடுச்சு. ஒரு ரப்பர் குழாயில முடி மாதிரி விரிசல், அது வழியா எஞ்சின் திருட்டுத்தனமா காத்து குடிச்சிட்டிருந்தது. குழாயை மாத்திட்டு, ஓடற எஞ்சின் மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சேன். சொட்டு சிந்தல. நம்ம ஒர்க்‌ஷாப் மீட்டர்லயும் புகை அளவு சரியா இருந்தது.

பத்து மணிக்கு டெஸ்ட். ஏழு மணிக்கே அம்மா போன் பண்ணி "கிளம்பிட்டியா?"ன்னு கேட்டீங்க. ஒன்பதுக்கெல்லாம் டெஸ்ட் சென்டருக்குப் போய் வண்டியை வரிசையில போட்டு, எஞ்சினை அணைச்சிட்டுக் காத்திருந்தேன். உள்ள எடுத்துட்டுப் போனா பழைய நடுக்கம். பெயில்.

முதலாளிக்குப் புரியல. "இங்க பாஸ், அங்க பெயிலா? வீட்டுல கடகடன்னு ஒப்பிச்சிட்டு ஸ்கூல்ல போய் முழிக்கற பிள்ளை மாதிரி இருக்கே"ன்னாரு.

நாலு பிளக்கையும் மாத்தினேன். பெட்ரோல் கம்மியா போகட்டும்னு ஒரு ஸ்க்ரூவை அரைச் சுத்து இறுக்கினேன். ஒர்க்‌ஷாப்ல மறுபடியும் பாஸ். இதுக்கு நடுவுல அப்பா, நான் லேட்டா போனதாலதான் கோவத்துல பெயில் போட்டுட்டாங்கன்னு அடிச்சுச் சொன்னீங்க. சரின்னு எட்டு மணிக்கே போனேன். முதல் தடவையை விட மோசமா பெயில்.

டீச்சரம்மா முகத்தைப் பாக்க முடியல. ஆனா அவங்க சிரிச்சாங்க. "முப்பது வருஷம் ஊரான் பிள்ளைகளை பெயில் போட்டேன். இப்ப மொத்தமா எனக்குத் திரும்பி வருது போல"ன்னாங்க.

அப்புறம் பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்பரேட்டரைக் கழட்டி, துணி விரிச்சு ஒவ்வொண்ணா அடுக்கி, குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி கழுவி மாட்டினேன். இந்தத் தடவை ஏழு மணிக்கே போயிட்டேன். கேட்டே திறக்கல. வாட்ச்மேன் எனக்கு அப்புறம்தான் வந்தாரு. பத்து மணிக்கு டெஸ்ட் பண்றவர் காரோட புகைக் குழாயில மீட்டர் ட்யூபைச் சொருகினாரு, மீட்டரைப் பாத்தாரு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாரு. பெயில்னு எழுதிக் குடுத்தாரு. அந்த ஜன்னல்தான் ரொம்ப வலிச்சுது.

இன்னும் ஒரு வாய்ப்புதான். அதுவும் போச்சுன்னா கார் காயலான் கடைக்கு, என் லெட்டர் அதுக்குப் பின்னாலேயே.

கேட்டுக்கு வெளிய ஓரமா நின்னுட்டு, வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியாம ஸ்டியரிங்கையே பாத்துட்டிருந்தேன். வாட்ச்மேன் டீ கப்போட வந்து ஜன்னல்ல குனிஞ்சாரு.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். எல்லாரும் ஒரு ரவுண்டு ஓட்டி, எஞ்சினை நல்லா சூடாக்கிட்டு நேரா உள்ள போறாங்க. நீங்க மட்டும் மூணு மணி நேரம் முன்னாடியே வந்து ஆற வச்சுக் கொண்டு போறீங்களே, அது என்ன புது முறை?"

நான் மெக்கானிக். எஞ்சின் ஆறிப்போனா காத்து வழியில இருக்கற சோக் மூடி தானா மூடிக்கும், பெட்ரோல் அதிகமா போகும், நடுங்கும், புகையும். முதல் மாசமே படிச்ச பாடம்.

வண்டியை எடுத்தேன். அரை மணி நேரம் ஊரைச் சுத்திட்டு வந்து, அணைக்காம அவர் முன்னாடி நிறுத்தினேன். அவரு டீ கப்பை பானெட் மேல வச்சாரு. டீ ஆடவே இல்ல.

நாளைக்குப் பத்து மணிக்குக் கடைசி டெஸ்ட். ஒன்பதரைக்குத்தான் கிளம்பப் போறேன். இதை யாரு படிச்சாலும் மத்தவங்களுக்கும் சத்தமா படிச்சுக் காட்டுங்க. நாளைக்குக் காலைல தயவுசெஞ்சு யாரும் போன் பண்ணி, கிளம்பிட்டியான்னு கேக்காதீங்க.